நடவுப் பாட்டு கேசட்டில் ஏறிய கதை!

பங்குனி பிறந்துவிட்டால் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலில் திருவிழாக் கூட்டம்தான். பால்குடம், காவடி என்று சுற்றுப்பட்டு கிராமங்களே திரண்டு வரும். எங்கு பார்த்தாலும் அம்மன் பாட்டு கேட்கும்.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் குடுமியான்மலையும் இருக்கிறது. அங்கே இசையின் சுரங்களைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு அது. சாஸ்திர சங்கீதத்துக்குக் கல்லில் இடம் கிடைத்தது. ஆனால், நாற்று நடும் பெண்ணின் பாட்டை யார் கல்லில் வெட்டினார்கள்? பாடியவர் போனால் பாட்டும் கூடவே போய்விடும்.

அந்த நிலையை மாற்றியவை வானொலியும் டேப் ரெக்கார்டரும்தான்.

சிவகங்கைப் பக்கத்து கொல்லங்குடி கருப்பாயி, வயல்காட்டுப் பாட்டை அகில இந்திய வானொலிக்குக் கொண்டுபோனார். 1985-ல் வந்த 'ஆண்பாவம்' படத்தில் பாட்டியாக நடித்துப் பாடி, தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். 2025 ஜூனில், 99 வயதில் மறைந்தார்.

மதுரையில் விஜயலட்சுமி - நவநீதகிருஷ்ணன் தம்பதி, ஊர் ஊராகப் போய் மக்கள் பாடுவதைப் பதிவுசெய்து, தாங்களும் மேடையேற்றினார்கள். விஜயலட்சுமிக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கே.ஏ.குணசேகரனோ கிராமத்துப் பாட்டைச் சாதிக் கொடுமைக்கு எதிரான குரலாக்கினார். கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' அவர் குரலில்தான் ஊர் ஊராய்ப் பரவியது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1927-ல் டாக் பாக்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, பாஞ்சோ வாத்தியத்தோடு நியூயார்க் போய்ச் சில பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். அது சோறு போடவில்லை. வாத்தியத்தையே அடகு வைத்துவிட்டு, மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கினார். 1952-ல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் பாக்ஸின் குரலும் இருந்தது. 1963-ல் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 60 வயதைத் தாண்டிய பிறகு பாக்ஸ் மீண்டும் மேடையேறினார், ஆல்பங்களும் வெளிவந்தன. பழைய இசைத்தட்டு மட்டும் இல்லையென்றால், அவரை யார் தேடியிருப்பார்கள்?

நம் ஊரிலும் இன்று காலம் மாறியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரான செந்தில் கணேஷ், கிராமியப் பாட்டையே பாடி 2018-ல் 'சூப்பர் சிங்கர்' பட்டத்தை வென்றார். மனைவி ராஜலட்சுமியோடு இன்று சினிமாவிலும் கலக்குகிறார்.

மேடை ஏறியவர்களின் பாட்டு பிழைத்துவிட்டது. ஏறாதவர்களின் பாட்டு? உங்கள் அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் ஒரு தாலாட்டோ கும்மியோ ஒப்பாரியோ நிச்சயம் தெரிந்திருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லுங்கள். கையில் இருக்கும் செல்போனிலேயே பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்த வேலையின்போது பாடியது, யாரிடம் கற்றது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

'எனக்கென்னய்யா பாடத் தெரியும்?' என்றுதான் முதலில் சொல்வார். விடாதீர்கள்!