சர்ச்சிலுக்குப் பக்கத்து வீடு!

லண்டனில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு எதிரே ஒரு சதுக்கம். புல்வெளி, சுற்றிலும் தலைவர்களின் சிலைகள். நம்ம காந்தித் தாத்தாவும் அங்கே நிற்கிறார். ஒன்பது அடி வெண்கலம். 2015 மார்ச் 14-ல் அருண் ஜெட்லி திறந்து வைத்தார்.

காந்திக்கு வெளிநாட்டில் சிலை வைப்பது புதிதல்ல. நியூயார்க்கில் 1986-லேயே வைத்தாயிற்று. அதே லண்டனில், டேவிஸ்டாக் சதுக்கத்தில், 1968-லிருந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பாராளுமன்றச் சதுக்கத்தின் விசேஷமே அக்கம்பக்கம்தான்!

முதலில் சர்ச்சில். 1931-ல் வைஸ்ராயைப் பார்க்கப் போன காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்தாரே, அவரேதான். சிற்பி பிலிப் ஜாக்ஸன் மாடலாக எடுத்துக் கொண்டதும், அதே வருஷம் பிரிட்டிஷ் பிரதமரின் வீட்டு வாசலில் எடுத்த போட்டோவை. வேட்டி, சால்வை. (அந்த அரை வேட்டிக் கோலம் ஆரம்பமானது 1921-ல், மதுரை மேலமாசி வீதியில். சர்ச்சில் கேலி பண்ணியது மதுரைச் சரக்கை!)

அடுத்து ஸ்மட்ஸ். தென்னாப்பிரிக்காவில் காந்தியை ஜெயிலில் போட்டவர். ஜெயிலில் தன் கையால் தைத்த செருப்பை, 1914-ல் ஊருக்குக் கிளம்பும்போது ஸ்மட்ஸுக்கே பரிசாக அனுப்பினார் காந்தி. உள்ளே தள்ளிய ஆளுக்குச் செருப்பு கொடுப்பதென்றால் நம்ம ஊரில் அர்த்தமே வேறு! ஸ்மட்ஸ் பல கோடைக்காலம் அதைப் போட்டு நடந்தார். காந்தியின் எழுபதாவது பிறந்த நாளுக்கு, 1939-ல், அந்தச் செருப்பில் நிற்க எனக்குத் தகுதி இல்லை என்று எழுதினார்.

மூன்றாமவர் மண்டேலா. அவரிடம் வருமுன் ஒரு நடை கானாவுக்குப் போய்விட்டு வருவோம்.

2016 ஜூனில் கானா பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி சிலையை ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார். இந்தியாவின் அன்பளிப்பு. நான் காமர்ஸ் படித்தவன். 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு, கண்ணுக்குத் தெரியாது, பாலன்ஸ் ஷீட்டில் மட்டும் ஏறும். அன்பளிப்புச் சிலையெல்லாம் அந்த ரகம். இங்கே கணக்கு உதைத்தது. சில மாதங்களிலேயே பேராசிரியர்கள் மனு போட்டார்கள். 2018 டிசம்பரில் சிலையை எடுத்தே விட்டார்கள்.

"காந்தியையே வேண்டாங்கிறானா?" என்று நமக்குச் சுருக்கென்கிறது. ஆனால் சார், அவர்கள் காந்தியைப் படித்துவிட்டுத்தான் பேசினார்கள். தென்னாப்பிரிக்காவில் இளம் வக்கீலாக இருந்தபோது, இந்தியர்களை ஆப்பிரிக்கர்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்ற ரீதியில் எழுதியவர் அவர். டர்பன் தபால் ஆபீஸில் வெள்ளையருக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்கு ஒரு வாசல். இந்தியர்கள் மனுப் போட்டு மூன்றாவது வாசல் வாங்கினார்கள். ஆப்பிரிக்கரோடு சேர்ந்து நுழையாமல் இருக்க! இதைப் படித்த ஒரு ஆப்பிரிக்க மாணவன் தினமும் அந்தச் சிலையைத் தாண்டி கிளாசுக்குப் போகணும் என்றால் எப்படி இருக்கும்? எங்கள் தலைவர்களுக்கே இங்கே சிலை இல்லையே என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

இப்போது மண்டேலா. இந்த எழுத்தெல்லாம் அவருக்குத் தெரியும். 1995-ல் ஒரு கட்டுரையில், காலத்தையும் சூழலையும் பார்த்து எடைபோட்டு மன்னிக்க வேண்டும், இது மகாத்மா ஆவதற்கு முந்தைய காந்தி என்று எழுதினார். 27 வருஷம் சிறையில் இருந்த ஆப்பிரிக்கர், சொல்லலாம். அதையே நாம் கானாக்காரரிடம் போய், "மன்னிச்சிடுங்க, அதான் முறை" என்று சொல்ல முடியுமா? மன்னிப்பு அவர்கள் கொடுப்பது. நாம் கேட்டு வாங்குகிற பாக்கி அல்ல.

ஜோஹன்னஸ்பர்க்கில் காந்தி சதுக்கம் இருக்கிறது. 2003-ல் வைத்த சிலை. கைத்தடி கிடையாது, பொக்கை வாய் கிடையாது. வக்கீல் அங்கி போட்ட இளைஞர். கானா பேராசிரியர்கள் சண்டை போட்டது இந்த ஆளோடுதான். பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு.