உஷார்! 'உங்களுக்காக ரெண்டு பர்சன்ட் குறைச்சிருக்கேன்'

கல்யாண நகை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? புறப்படும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். கடையில் கால்குலேட்டரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டி, "அக்கா, மேனேஜர்கிட்ட பேசி உங்களுக்காக ரெண்டு பர்சன்ட் குறைச்சிருக்கேன்" என்று சொல்லும் இடத்தில்தான் பணம் போகிறது. எங்களுக்குப் போனது.

அக்கா மகள் கல்யாணத்துக்கு ஐந்து பவுனில் ஆரம் எடுக்க தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தோம். என் அக்கா கறிவேப்பிலைக் கொத்துக்குக்கூடப் பேரம் பேசுகிறவர். எஸ்டிமேட் சீட்டில் சேதாரம் 18 சதவீதம் என்று இருந்தது. அக்கா விடவில்லை. விற்பனைப் பையன் இரண்டு முறை மேனேஜர் அறைக்குப் போய் வந்தான். குடிக்க ரோஸ் மில்க் வந்தது. கடைசியில் 16 என்றான். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். மறு வாரம் அதே தெருவில் வேறொரு கடையில், ஏறக்குறைய அதே வேலைப்பாட்டுக்கு, பேச ஆரம்பிக்கும் முன்பே 12 என்றார்கள்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஐந்து பவுன் என்றால் 40 கிராம். 18 சதவீதச் சேதாரம் 72,000 ரூபாய். 16 என்றால் 64,000. 12 என்றால் 48,000. பேசிக் குறைத்தோம் என்று நாங்கள் பூரித்தது 8,000 ரூபாய்க்கு. தெரியாமல் கொடுத்தது 16,000; அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. 18 என்ற எண்ணை எழுதி வைத்ததே அவர்கள்தான். எங்கே தொடங்குவது என்பதை அவர்களிடம் விட்டுவிட்டு, எங்கே முடிப்பது என்று மட்டும் நாங்கள் மல்லுக்கு நின்றோம்.

தங்கத்தின் விலை அன்றன்றைக்கு போர்டில் இருப்பதுதான். ஒரே ஊரில் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசமெல்லாம் சேதாரம், செய்கூலியில்தான். அந்தக் காலத்தில் பட்டறையில் ராவும்போதும் உருக்கும்போதும் பொடியாக வீணாகும் தங்கத்துக்காக ஆசாரிக்குக் கொடுத்ததுதான் சேதாரம். அந்தப் பொடியையும் கூட்டி அள்ளி மீட்டுவிடுவார்கள். பட்டறைக் குப்பையைக்கூட விலை கொடுத்து வாங்க ஆள் உண்டு. இன்றைக்கு மெஷினில் செய்த செயினுக்கும் அதே பெயரில் பணம் வாங்குகிறார்கள். இதற்கு இவ்வளவுதான் என்று சட்டத்தில் உச்சவரம்பு எதுவும் கிடையாது. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்குத்தான் சாட்சி, விலைக்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

நகையைத் திரும்ப விற்கப் போகும்போது சேதாரத்தையும் வரியையும் யாரும் திருப்பித் தருவதில்லை. 18 சதவீதச் சேதாரமும் அதன்மேல் வரியும் கொடுத்து எடுத்த நகைக்கு, தங்க விலை 21 சதவீதத்துக்கும் மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். "தங்கம்தானே, எங்கே போய்விடப்போகிறது" என்று சொல்லிக்கொண்டு வாங்குகிறோம். வாங்கிய அன்றைக்கே போய்விடுகிறது.

"கிராமுக்கு 50 ரூபாய் தள்ளுபடி" என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்திருப்பார்கள். மேலே சொன்ன விலையில் 40 கிராமுக்கு அது 2,000 ரூபாய். சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைந்தாலே 4,000. அரை சதவீதத்தைப் பலகையில் கொடுத்துவிட்டு, ஆறு சதவீதத்தைச் சீட்டில் வாங்கிக்கொள்ள முடிகிறது. "செய்கூலி இல்லை" என்றால் சேதாரம் எவ்வளவு என்று கேளுங்கள். "சேதாரம் இல்லை" என்றால் செய்கூலியைக் கேளுங்கள். இரண்டுமே இல்லை என்றால், கல்லுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கல் வைத்த நகையில் ஆபத்து இன்னும் அதிகம். ஆண்டிக் நெக்லஸில் நான்கு கிராம் கண்ணாடிக் கல்லும் அரக்கும் இருந்து, அதைத் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டால், 40,000 ரூபாய் கண்ணாடிக்கும் அரக்குக்கும் போகிறது. மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். சேதாரத்தை நிகர எடைக்குத்தான் போட்டார்களா என்றும் பாருங்கள். எங்கள் சீட்டில் மொத்த எடைக்குப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை. ரோஸ் மில்க் கிளாஸ் சீட்டின் மேலேயே இருந்தது.

மாதச் சீட்டு கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி சரக்குக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காகத் தந்துவிட வேண்டும். தராவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்கிறது 2014-ம் ஆண்டு விதி. நகைச்சீட்டுகள் பெரும்பாலும் பதினொரு மாதத்தில் முடிய இதுவே காரணம். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைக்கடையில் கட்டிய பணத்துக்கு அது கிடையாது. கடைக்குப் பூட்டு விழுந்தால், கையில் அட்டையோடு காவல் நிலைய வாசலில் நிற்க வேண்டியதுதான். "சேதாரம் இலவசம்" என்ற சலுகை எத்தனை சதவீதம் வரை, எந்தெந்த நகைக்கு என்பதை முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

எதிராளி போட்ட எண்ணிலிருந்து பேரம் பேசுவது நகைக்கடையோடு நிற்கிற விஷயமும் இல்லை. அக்கா மகனுக்கு போன மாதம் ஆஃபர் லெட்டர் வந்தது. வருடத்துக்கு எட்டு லட்சம் என்றார்கள். இவன் பேசியதும் 25,000 ஏற்றினார்கள். வீட்டில் கேசரி கிண்டினோம். பிரித்துப் பார்த்தால் அந்த எட்டேகால் லட்சத்துக்குள்ளேயே கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், இலக்கை எட்டினால்தான் வரும் வேரியபிள் பே எல்லாம் அடக்கம். ஜாயினிங் போனஸை ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். நோட்டீஸ் பீரியட் 90 நாள். அவன் 25,000-க்குப் பேசியிருக்கக் கூடாது. "மாசம் கைக்கு எவ்வளவு வரும், வேரியபிள் போக நிச்சயமானது எவ்வளவு" என்று கேட்டுவிட்டு அந்தத் தொகைக்குப் பேசியிருக்க வேண்டும். எந்த எண்ணுக்காகப் பேசுவது என்பதை அங்கேயும் எதிராளிதான் தீர்மானித்தார்.

கடைக்கு வருவோம். ஒரே நாளில் எடுக்காதீர்கள். முதல் நாள் மூன்று கடைக்குப் போய், ஒரே மாதிரி வேலைப்பாட்டுக்குச் சேதாரத்தை மட்டும் எழுதி வாருங்கள். குறைந்த எண்ணோடு இரண்டாம் நாள் போய் உட்காருங்கள். பேச்சை நீங்கள் தொடங்குங்கள்: "பன்னிரண்டு அங்கே சொல்லிட்டாங்க, நீங்க எவ்வளவு?" பழைய நகையை மாற்றுவதாக இருந்தால், முதலில் புது நகைக்குச் சேதாரத்தை முடித்துவிட்டுப் பிறகு பழையதை வெளியே எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் எதில் குறைத்தார்கள், எதில் ஏற்றினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. முகூர்த்த நாள் எது என்று மறந்தும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அவசரம் தெரிந்துவிட்டால் மேனேஜர் அறைக்கதவு திறக்காது.

2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. என்ற தனி அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படி, குந்தன், போல்கி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. லென்ஸ் கேட்டு வாங்கி அந்த எண்ணைப் படித்து, பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போடுங்கள். தரம் 916 என்று வந்தால் மட்டும் போதாது. கையில் இருப்பது ஆரமாக இருக்க, ஆப்பில் மோதிரம் என்று வந்தால் நகையை அப்படியே கீழே வைத்துவிடுங்கள். பில்லில் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம், சேதாரம் ஒவ்வொன்றும் தனி வரியில் வரும்வரை கார்டை நீட்ட வேண்டாம். ஆப்பை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். நாங்கள் போன கடையில், நகை மாடியில் சிக்னலே இல்லை.