சிறு பூச்சியைப் பெரிதாகப் படம் பிடித்தல்

இடம்பெயர்ந்து வந்து புதிதாகப் பயிர் செய்பவர்களுக்கு முதற்போகம் பிழைத்தால் கடன்தான் மிஞ்சும். ஆகவே, இலையில் கண்ட பூச்சி இன்னதென்று அறியுமுன் மருந்து அடிக்க வேண்டாம். அதைப் படம் பிடித்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

கைத்தொலைபேசியும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையும் போதும். வில்லையைக் கமராவின் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். பூச்சிக்கு ஏறக்குறைய 1 அங்குலம் கிட்டப் போனால் உருவம் தெளியும். முழங்கைகளை மேசையில் ஊன்றி, தெளிவு வரும்வரை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். ஒன்றுக்குப் பத்துப் படம் எடுங்கள், ஒன்றிரண்டு தேறும். காலைக் குளிரில் பூச்சிகள் அதிகம் ஓடமாட்டா. வாசல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல், அருகே அடிமட்டம் வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.

எதைப் பார்க்க வேண்டும்? 2018இல் இலங்கையில் சோளத்தைத் தாக்கிய படைப்புழு வளர்ந்ததும், அதன் தலையில் கவிழ்த்த கவர்த்தடி போன்ற வெளிர்க்கோடு தெரியும். வாலுக்குச் சற்று முன்னே நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும்.

நெல்லடியில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தியோ பயிரைத் தொடாது. கபிலநிறத் தத்தியைப் பிடித்துத் தின்னும். கண்ணை மூடிக்கொண்டு மருந்து அடித்தால், கூலி கேளாத இந்தக் காவற்காரனையும் இழப்போம்.