இடம் யாருக்கு: கேமராவுக்கா, நமக்கா?

2025 ஜனவரியில் புதுச்சேரிக் கடலுக்குள் ஒரு கல்யாணம் நடந்தது. சுமார் 50 அடி ஆழத்தில், மூச்சுக் கருவி மாட்டியபடி மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு 'எல்லாம் விளம்பரம்' என்று சொல்லிவிடலாம். ஆனால் இருவருமே ஸ்கூபா பயின்றவர்கள். கடல் மாசைப் பற்றிப் பேசவே அங்கே இறங்கினார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரை அருகே 60 அடி ஆழத்தில் தாலி கட்டியவரும் முன்பே கடலுக்குள் போய்ப் பழகியவர்தான்.

திறந்தவெளியில் கல்யாணம் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். 'படத்தில் எடுப்பாக இருக்குமா?' என்பது இரண்டாவது கேள்வி. 'கல்யாணம் இல்லாவிட்டாலும் நாம் இங்கே வருவோமா?' என்பதே முதல் கேள்வி.

புதுச்சேரியின் மஞ்சள் சுவர்கள் எந்த ஜோடிக்கும் பின்னணியாக நிற்கும். கடற்கரைச் சாலைக் கருங்கற்கள் அப்படியல்ல. துறைமுகம் கட்டிய பிறகு மணல் அரித்துப்போய், ஒரு தலைமுறையே அந்தக் கற்களில் உட்கார்ந்துதான் கடல் பார்த்தது. 2018-ல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகே மணல் திரும்பியது. அங்கே பேசிப் பழகிக் காதலித்தவர்களுக்கு எந்த ரிசார்ட் புல்வெளியும் அதற்கு ஈடாகாது.

திறந்தவெளி நமக்குப் புதிதும் அல்ல. மண்டபங்கள் வருமுன் வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல்தான். அரசாணிக்கால் என்று மரக்கிளையை நட்டுக் கும்பிட்டோம். முளைப்பாலிகையை ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டோம். மரமும் நீரும் சடங்குக்குள்ளேயே இருந்தன. ஆகவே கடற்கரைதான் வேண்டும் என்பதில்லை. பாட்டி வீட்டுக் கொல்லை மாமரத்தடியும் போதும்.

சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. இந்துத் திருமணச் சட்டம் இன்ன இடத்தில்தான் நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை. 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டப்படி, 30 நாள் அறிவிப்புக்குப் பின், கூடுதல் கட்டணம் கட்டினால் பதிவு அலுவலகத்துக்கு எட்டும் தூரத்தில் நீங்கள் விரும்பும் இடத்திலேயே மணம் முடிக்கலாம். கத்தோலிக்கர்களுக்குத் தேவாலயம்தான் முறை. வெளியே என்றால் ஆயரின் அனுமதி வேண்டும். பொது இடத்தில் பந்தல் போடுவதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

இனி, புதுச்சேரியின் குணம். சூரியன் கடலில் இறங்கும் காட்சியை இங்கே எதிர்பார்க்காதீர்கள்; அது ஊருக்குப் பின்னால்தான் மறையும். மணமக்கள் கிழக்கு பார்த்து உட்காருவது வழக்கம். நம் கடலும் கிழக்கில்தான். காலை முகூர்த்தம் என்றால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். காற்று கடலிலிருந்து வீசினால் ஹோமப் புகையும் முகத்துக்கே வரும். பந்தலின் கடல் பக்கம் ஒரு தட்டி கட்டினால் இரண்டும் தீரும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட கடலும் மறைந்துவிடும். எது வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. தையும் மாசியும் தோதானவை. பங்குனியில் மணல் காலைச் சுடும்.

தேதி குறித்ததும், அதே முகூர்த்த நேரத்தில் ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். தாத்தா நடந்து வர முடியுமா, கழிப்பறை எங்கே, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று தெரிந்துவிடும். இடம் சிறியதென்றால் தாலி கட்டுவதை மட்டும் நெருங்கிய சொந்தங்களோடு அங்கே வைத்து, பந்தியை மண்டபத்துக்கு மாற்றலாம்.

ஒவ்வொரு கல்யாண நாளிலும் யாரிடமும் அறை கேட்காமல், காசு கட்டாமல், இருவரும் போய் நின்றுவிட்டு வரக்கூடிய இடமா? அப்படியென்றால் யோசிக்காமல் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுங்கள்.