பொய்ப்பல்லும் மனநிறைவும்

தொல்காப்பியர் பிறப்பியலிலே எழுத்துக்கள் பிறத்தற்குரியனவாக எட்டினைக் கூறினார். அவற்றுள் பல்லும் ஒன்று. தகர நகரங்கள் பிறத்தற்கு நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தல் வேண்டும். வகரத்துக்கு மேற்பல்லும் கீழிதழும் இயைதல் வேண்டும். ஆதலின், பல் முழுவதும் இழந்தார்க்கு ஊணோடு உரையுங் குன்றுதல் இயல்பே. இவ்விரண்டையும் மீட்டற்பொருட்டே முழுப் பொய்ப்பல் கட்டுகின்றனர். கட்டியோருள் மகிழ்வோரும் உளர். சின்னாளிற் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவோரும் உளர். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

பெரும்பாலோர் குறை கூறுவது கீழ்ப்பற்றொகுதியைப் பற்றியே. மேற்றொகுதி அண்ணத்தைப் பரந்து மூடி, இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தாற் பற்றி நிற்கும். கீழ்த்தொகுதியோ இலாடம் போல வளைந்த ஒடுங்கிய முரசின்மேல் இருப்பது. நாவுங் கன்னமும் அசையுந்தோறும் இடம்பெயர முயலும். அன்றியும், பல் நீங்கியபின் தாடையென்பு தேய்ந்துகொண்டே போகும். கீழ்த்தாடையின் தேய்வு மேற்றாடையினதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கென்பதைத் தால்கிறென் என்பார் 1972இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வு காட்டிற்று. ஆகவே, முன்னர்ப் பொருந்திய பல் பின்னர்த் தளர்தல் செய்தவர் குற்றமன்று. காலந்தோறும் பல்வைத்தியரிடங் காட்டித் திருத்துவித்தல் வேண்டும்.

மற்றைய காரணம் மனத்தைச் சார்ந்தது. ஹவுஸ் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர், பல் கட்ட வருவோரை நிதானமுடையோர், நுணுகி வினவுவோர், அக்கறையற்றோர், அஞ்சிப் பதறுவோர் என நால்வகைப்படுத்தினார். பொய்ப்பல்லின் கடிவலு இயற்கைப் பல்லினதில் காற்பங்களவே. பலர்க்கு அதனினுங் குறைவே. இதனை முன்னரே அறிந்தவர் ஏமாற்றமடையார். முதல்நாளே ஒடியலைக் கடிக்க எண்ணுபவர் வெறுப்படைவர். புட்டையும் இடியப்பத்தையும் சிறு கவளங்களாக எடுத்து, இருபுறமும் ஒருங்கே மென்று பழகுவோர் சில வாரங்களிலே தேறுவர். பேச்சுந் திருந்துவதற்கு நாடோறும் உரத்து வாசித்தல் நன்று. இரவிலே பல்லைக் கழற்றித் துலக்கி நீரில் இட்டுவைத்தால் முரசு ஆறுதல் பெறும்.

இவ்வளவின் பின்னும் கீழ்ப்பல் நிலையாதார்க்கு வேறு வழியுமுண்டு. தாடையென்பில் இரண்டு உலோக முளைகளை நாட்டி, அவற்றின்மேற் பற்றொகுதியைப் பொருத்துதலே முதற்றெரிவாதல் வேண்டுமென 2002இல் மொன்றியல் நகரிற் கூடிய அறிஞர் பரிந்துரைத்தனர். செலவு மிகுதியாதலின் இஃது எல்லார்க்கும் எளிதன்று.

எல்லார்க்கும் எளியதொன்றுண்டு. பற்குறையுடைய முதியோர் பந்தியை விட்டொதுங்குவது, தம்மாற் பிறர் காத்திருக்க நேருமே என்னுங் கூச்சத்தாலுமாம். மாணாக்கர்களே! உங்கள் பாட்டனார் உண்டு முடியுமட்டும் உடனிருங்கள். அவர் சொல் குழறினும் பொறுமையோடு கேளுங்கள்.