மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல் பிடுங்கப் போகாதீர்கள்

"பல்லைப் பிடுங்கினா ரத்தம் நிக்காதுன்னாங்க டாக்டர், அதான் ரெண்டு நாளா பிரஷர் மாத்திரை போடலை." பல் மருத்துவர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது. ரத்தப் பரிசோதனைக்கு வருவதுபோல் வெறும் வயிற்றோடு வருகிறவர்களும் உண்டு. கையில் பட்டையைக் கட்டி அளந்தால் 190/110 என்று நிற்கும். பிடுங்காமலே திருப்பி அனுப்புவார்கள். 180/110-ஐத் தொட்டாலே அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைப்பதுதான் பொதுவான வழக்கம்.

ரத்தம் நிற்காமல் போகும் ஆபத்து, கட்டுப்பாட்டில் இருக்கும் பிரஷரைவிட ஏறிக்கிடக்கும் பிரஷரில்தான் அதிகம். அதனால் வழக்கமான மாத்திரையைக் காலையில் போட்டு, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுப் போவதே சரி. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதையும் தாமாக நிறுத்தக் கூடாது. ஒரு பல் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக் கடித்தால் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும்.

அடுத்த பயம் ஊசி. மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்னில் கொஞ்சம் அட்ரினலினும் சேர்ந்திருக்கும். 80,000-க்கு 1 பங்கு என்பது நம் ஊரில் அதிகம் புழங்கும் கலவை. பிரஷர்காரருக்கு அட்ரினலினா என்று கேட்கலாம். அது இல்லாவிட்டால் மரப்புச் சீக்கிரம் விட்டுப்போகும். நடுவில் வலித்தால் பயத்தில் உடம்பே அட்ரினலினைக் கொட்டும். அது ஊசியில் இருப்பதைவிட மோசம். அதனால் அளவைக் குறைத்து மெதுவாகப் போடுவார்கள். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மொத்தம் 0.04 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அம்லோடிபின், நிஃபெடிபின் மாத்திரைகள் சிலருக்கு ஈறை வளரச் செய்யும். முன்பற்களின் இடுக்கில் சதை சின்னச் சின்ன முக்கோணமாகப் புடைத்து, மெல்லப் பல்லின் மேல் ஏறும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் கண்ணாடியில் பார்த்தாலும் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். பல்லில் அழுக்குப் படியப் படிய வளர்ச்சி கூடும். பல்லைச் சுத்தம் செய்தால் ஓரளவு அடங்கும். அடங்காவிட்டால் மாத்திரையை மாற்றலாமா என்று பிரஷர் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். அதோடு 'ஈறு எப்படியிருக்கு பாட்டி?' என்று ஒரு கேள்வியும் வந்தால் இன்னும் நல்லது.

பிரஷருக்குத் தரும், நீர் பிரிய வைக்கும் மாத்திரை வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் பல்லின் வேர்ப்பகுதி சொத்தையாகும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டால் துலக்குங்கள். பல்வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் கேட்டு வாங்காதீர்கள். பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் சோதிக்கும். பல் மருத்துவரைப் பார்க்கும்வரை பாரசிட்டமால் தாங்கும்.

வேலை முடிந்ததும் சாய்ந்த நாற்காலியிலிருந்து சட்டென்று எழ வேண்டாம், தலை சுற்றும். இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். 'வெள்ளை மாத்திரை ஒண்ணு' என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் விளங்காது.