பகடையோடு சேரும் கூட்டல்

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். தாயக்கரம் ஆடிய எல்லோருக்கும் இது தெரியும். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு வெறுமுகம். சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமுகமும் வருவது இரண்டே விதம். ஆக, தாயம் விழ எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. உருட்டுவது ஊரே அறிந்த ஆட்டக்காரப் பாட்டியா, நேற்றுக் கற்றுக்கொண்ட பேரனா என்பது கட்டைக்குத் தெரியாது. எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது என்பதில் பாட்டி கெட்டிக்காரியாக இருக்கலாம். ஆனால் விழுகிற எண்ணில் அவருடைய கெட்டிக்காரத்தனத்துக்குப் பங்கில்லை.

அந்தப் பங்கைக் கணக்கில் எழுதிக் கொடுக்கும் ஆட்டம் 1974-இல் அமெரிக்காவில் வந்தது. பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நின்று ‘நான் சுவரேறிக் குதிக்கிறேன்’, ‘நான் காவலனிடம் பேச்சுக் கொடுக்கிறேன்’ என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும். விழுந்த எண்ணோடு அந்தப் பாத்திரத்தின் திறன் போனஸைக் கூட்ட வேண்டும். கதை நடத்துபவர் குறித்த இலக்கைக் கூட்டுத்தொகை தொட்டாலோ தாண்டினாலோ காரியம் பலிக்கும்.

இந்தப் போனஸைப் போடுவது எப்படி என்பதுதான் புதிதாக உட்காருபவர்களைத் திணறடிக்கிறது. பாத்திரத் தாளைப் பார்த்ததும் வருமான வரிப் படிவத்தைப் பார்த்தவர்கள்போல மிரளுகிறார்கள். உள்ளே இருப்பதோ இரண்டே எண்களின் கூட்டல்.

எடுத்துக்காட்டுக்கு ஐரோப்பியக் கோட்டையும் டிராகன் குகையும் தேவையில்லை. திருப்பூரைக் கடந்து நொய்யல் கிழக்கே ஓடும் வழியில், அதன் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மணி கோத்த பட்டறைகளின் தடயம், இரும்பு உருக்கிய உலை, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், நூல் நூற்ற தக்களி என்று அகழாய்வில் வந்ததெல்லாம் ஒரு முழு வணிக ஊரின் சாமான்கள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் உள்ள படியூர், கடல்நீல நிறத்துப் பெரில் கல்லுக்குப் பேர்போனது. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கரூர் வரை சென்ற வணிக வழியும் இந்தப் பக்கம்தான். கற்பனைக் கதை நடத்த இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியாது.

அந்த ஊரில் நன்னி என்று ஒரு பெண்ணைப் படைப்போம். மணிக்கல் பார்ப்பவள். ஆட்டத்தின் வகைப்படி அவள் ‘ரோக்’: வேவு, துப்பு, கைச்சாமர்த்தியம் ஆகியவற்றில் பிழைக்கும் வகை. அயலூர் வணிகன் ஒருவன் ‘படியூர்க் கல்’ என்று ஒன்றை நீட்டுகிறான். அசல் பெரிலா, கண்ணாடியா என்று அவள் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் எண் இயல்பிலிருந்து வருகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, லாவகம், உடல்திடம், அறிவு, விவேகம், வசீகரம் என ஆறு இயல்புகள். சாதாரண மனிதருக்கு இவை 10-ஐ ஒட்டி இருக்கும். நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, மிகச் சிறியதைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் கூட்டி இந்த எண்களைப் பெறலாம். அல்லது 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை விருப்பப்படி பகிர்ந்துகொள்ளலாம். நன்னிக்கு அறிவில் 15, லாவகத்தில் 14, விவேகத்தில் 13 வைப்போம்.

15-ஐ அப்படியே பகடையோடு கூட்டுவதில்லை. அதிலிருந்து 10-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழே இறக்க வேண்டும். 15-இல் 10 போனால் 5, பாதி இரண்டரை, இறக்கினால் +2. 14-க்கும் +2-தான். 10-க்குக் கீழே போகும்போதுதான் பலர் தவறுகிறார்கள். 9 என்றால் மீதி −1, பாதி −½. இறக்கினால் பூஜ்யம் ஆகாது, −1 ஆகும். 7-க்கு −2. எண்கோட்டில் கீழே என்றால் இடப்பக்கம் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது எண் பயிற்சியிலிருந்து வருகிறது. ஆட்டத்தில் 18 திறன்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் இயல்பின் கீழ் வரும்: மறைந்து நடப்பது லாவகத்தின் கீழ், துப்பறிதல் அறிவின் கீழ், ஆளின் மனத்தை எடைபோடுவது விவேகத்தின் கீழ். அறிவுக்கும் விவேகத்துக்கும் ஐந்தைந்து திறன்கள். வலிமைக்கு ஒன்றே ஒன்று. உடல்திடத்துக்கு எதுவுமே இல்லை. படைக்கும்போதே எந்தெந்தத் திறனில் பாத்திரம் பயிற்சி பெற்றது என்று குறித்துவிட வேண்டும். குறித்த திறனுக்கு மட்டும் பயிற்சி எண் சேரும். பாத்திரம் அனுபவத்தில் ஏறும் படிகள்தான் லெவல். 1 முதல் 4 லெவல் வரை பயிற்சி எண் +2, 5-இல் +3, 9-இல் +4, 13-இல் +5, 17-இல் +6. அதற்கு மேல் கிடையாது.

ஆக, நன்னியின் துப்பறிதல்: இயல்பு +2, பயிற்சி +2, மொத்தம் +4. கல்லைச் சோதிப்பது நடுத்தர வேலை, இலக்கு 15. பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பத்து முகம்: 50 சதவீதம். பயிற்சி இல்லாதிருந்தால் 13 விழ வேண்டும். எட்டு முகம், 40 சதவீதம். ரோக் வகைக்கு இரண்டு திறன்களில் பயிற்சி எண்ணை இரட்டிப்பாக்கிக்கொள்ளும் உரிமை உண்டு. துப்பறிதலை நன்னி அப்படித் தேர்ந்துகொண்டால் +6. 9 விழுந்தாலே போதும், 60 சதவீதம். அவளோடு வரும் காவலன் அறிவில் 8, பயிற்சியும் இல்லை. போனஸ் −1. அவனுக்கு 16 விழ வேண்டும், 25 சதவீதம்.

40, 50, 60 என்று நன்னியின் வாய்ப்பு பத்துப் பத்தாக ஏறியது தற்செயல் இல்லை. இருபது முகத்தில் ஒவ்வொன்றும் விழ ஒரே வாய்ப்பு, 5 சதவீதம். அதனால் போனஸில் ஒரு புள்ளி கூடினால், வெற்றியோ தோல்வியோ முன்பே உறுதியாகிவிடாத எந்த இலக்குக்கும், வாய்ப்பு 5 சதவீதம் கூடும். தாயக்கட்டை அப்படியில்லை. அங்கே மூன்று விழ 16-இல் 4 விதம், ஆறு விழ ஒரே விதம். எண்கள் நடுவில் குவிகின்றன. 1986-இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட கர்ப்ஸ் என்ற ஆட்டம் மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கூட்டுகிறது. அதில் திறன் எண்ணுக்குள் பகடை அடங்க வேண்டும். திறன் 10-இலிருந்து 11-க்கு ஏறினால் வாய்ப்பு 50-இலிருந்து 62.5 சதவீதமாகத் தாவும். 14-இலிருந்து 15-க்கு ஏறினால் ஐந்து சதவீதம்கூடக் கூடாது. தேறியவருக்கு மேலும் தேறுவது குறைந்த பலனே தரும் என்பது வாழ்க்கைக்கு நெருக்கமான கணக்கு. ஆனால் மேசையில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட இருபது முகத்துக்கு ஈடு இல்லை.

இந்த எளிமைக்கு வந்துசேர ஆட்டத்துக்கு நாற்பது வருடம் பிடித்தது. 1974 விதிகளில் பொதுவான திறன் பட்டியலே இல்லை. அடுத்த வருடம் திருடர் வகை வந்தபோது பூட்டுத் திறக்க, மறைந்து நடக்க என்று சதவீத எண்கள் வந்தன. அதுவும் திருடருக்கு மட்டும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் திறன் புள்ளிகள் கொடுத்தது. பாதியாக்கி இறக்கும் சூத்திரம் எல்லா இயல்புக்கும் பொதுவானது அப்போதுதான். ஆனால் இருபதாம் லெவலில் ஒரே திறனில் 23 புள்ளிகள் வரை குவிக்க முடிந்தது. குவித்தவருக்குச் சவாலாக இலக்கு வைத்தால் குவிக்காதவருக்கு அது எட்டவே எட்டாது. 2008-இன் நான்காம் பதிப்பு லெவலில் பாதியை எல்லாத் திறனுக்கும் எல்லோருக்கும் கூட்டியது. பயிற்சி இருந்தால் மேலும் 5. 2014-இன் ஐந்தாம் பதிப்புதான் நான் மேலே சொன்ன 2 முதல் 6 வரையிலான குறுகிய ஏணியைப் போட்டது. 2024 திருத்தத்திலும் அது மாறவில்லை.

நான்காம் பதிப்பை விட்டு ஐந்தாம் பதிப்புக்கு வந்தது சரியான முடிவு என்பேன். நன்னியும் காவலனும் பதினேழாம் லெவலுக்கு வந்துவிட்டார்கள் என்று வையுங்கள். எத்தனையோ போர் பார்த்துவிட்டான் காவலன். ஆனால் துப்பறிதலில் அவன் போனஸ் இன்னும் −1. கல்லைக் கொடுத்தால் அதே 25 சதவீதம். நன்னிக்கோ, இந்த இடைவெளியில் அறிவை 20-க்கு ஏற்றியிருந்தால், இயல்பு +5, இரட்டித்த பயிற்சி +12, மொத்தம் +17. இலக்கு 15 என்றால் பகடையில் ஒன்று விழுந்தாலும் தாண்டிவிடுவாள். ‘கிட்டத்தட்ட முடியாதது’ என்று விதிநூல் வகைப்படுத்தும் 30-க்கே அவளுக்கு 40 சதவீத வாய்ப்பு. முதல் லெவலில் 20 விழுந்திருந்தாலும் 26-தான் வந்திருக்கும்.

வருடம் ஏறுவதால் மட்டும் கற்காத வேலை கைக்கு வராது என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரிய ஏற்றுமதி கம்பெனிகளில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு அட்டவணை வைத்திருப்பார்கள். இடப்பக்கம் டெய்லர்களின் பெயர்; மேலே ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மெஷின்கள்; கட்டத்துக்குள் அந்த மெஷினில் அவருடைய தேர்ச்சி. ஓவர்லாக்கில் தோள் கூட்டுபவர் துணியை இழுக்காமல், தொங்கவிடாமல், கத்திக்கு எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அவ்வளவே கொடுத்து ஓட்டுவார். அவரையே பேட்லாக்கில் உட்கார வைத்து அடிமடிப்பு அடிக்கச் சொன்னால் தையல் மேலும் கீழும் ஓடும். பனியன் துணி நீளும். அதன் இழுவை ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு மாதிரி. கைவிரலின் இயல்பான லாவகம் இரண்டு மெஷினிலும் கூட வரும். பயிற்சி ஒன்றில் மட்டும்தான் கூட வரும். பாத்திரத் தாளில் இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதிக் கூட்டச் சொல்வதன் அழகு இதுதான்: ஒருவரிடம் எது பிறப்போடு வந்தது, எது உழைத்துச் சேர்த்தது என்று பார்த்ததும் தெரிகிறது.

இந்த வட்டாரத்து வாசகர்கள் ரசிக்கக்கூடிய இன்னொன்று, கருவிப் பயிற்சி. விதிநூலின் விலைப்பட்டியலில் நெசவாளர் கருவிகள் ஒரு பொற்காசு, நகைத்தொழிலாளர் கருவிகள் 25 பொற்காசு. இவற்றிலும் பயிற்சி பெறலாம். நன்னியின் தோழி நெசவாளியாக இருந்தால், நுணுக்கமான கரை நெய்ய லாவகத்தோடு பயிற்சி எண்ணைக் கூட்டுவாள். யவனர் கப்பலுக்குப் போகும் மூட்டையில் கலப்படத் துணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க அதே பயிற்சி எண்ணை விவேகத்தோடு கூட்டலாம். எந்த இயல்போடு சேர்ப்பது என்பது கதை நடத்துபவர் கையில். தொழில் தெரிந்தவர் மேசையில் இருந்தால் இந்த இடத்தில் ஆட்டம் சூடுபிடிக்கும்.

சூழ்நிலை சாதகமாக இருந்தால், உதாரணமாக நன்னி கல்லை வெயிலில் வைத்துப் பார்க்க முடிந்தால், போனஸ் மாறாது. பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 50 சதவீதம் 75 ஆகும். ஆனால் 20 மட்டுமே விழ வேண்டிய நிலையில் இருந்தால் 5 சதவீதம் 10-ஐக்கூடத் தொடாது. சாதகம் இருக்கிறதென்று எட்டாத இலக்குக்குப் பாயக் கூடாது.

கடைசியாக, நான்காம் லெவலில் வரும் முடிவு. அப்போது இரண்டு இயல்புப் புள்ளிகள் கிடைக்கும்: ஒரே இயல்பில் இரண்டும் போடலாம், இரண்டு இயல்புகளில் ஒவ்வொன்றாகவும் போடலாம். ஒற்றைப்படை எண்கள் பாதிவழியில் நிற்பவை. 15-க்கும் 14-க்கும் ஒரே +2 என்று பார்த்தோம். நன்னியிடம் அறிவு 15, விவேகம் 13. இரண்டையும் அறிவில் போட்டால் 17, போனஸ் +3, அறிவின் கீழ் உள்ள ஐந்து திறன்கள் மட்டும் ஒரு புள்ளி ஏறும். ஆளுக்கொன்றாகப் போட்டால் அறிவு 16, விவேகம் 14. அறிவின் போனஸ் அதே +3, விவேகமும் +1-இலிருந்து +2 ஆகும். பத்துத் திறன்கள் ஏறும். ஐந்தாம் லெவலில் பயிற்சி எண் 3 ஆனதும் அவளுடைய துப்பறிதல் 3-உம் இரட்டித்த 6-உம் சேர்ந்து +9. வணிகன் நீட்டிய கல்லுக்கு இனி 6 விழுந்தால் போதும்.